‘லாக் எங்கே?’ என்று கேட்டால் திமிரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். தொழில்நுட்பக் குழுக்களில் யார் தன்மையாகப் பேசுகிறார், யார் எரிந்து விழுகிறார், அதை எல்லோர் முன்னாலும் சொல்லலாமா கூடாதா. அதனால் டேட்டாபேஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். பேக்கப் எடுக்காதவர்கள் அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நிரலாளர்களுக்கு ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. அதில் ஒரு மூத்தவர், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வார், ஆனால் சுருக்கென்று இருக்கும். போன வாரம் ஒரு புதுப் பையன் கேட்டதற்கு, ‘இது மூன்றாவது தடவை. மேலே தேடுங்கள்’ என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. ‘சார், உங்களுக்கு நட்பாகப் பேசவே வராதா? இன்னொருத்தர் எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார், அவரைப் பாருங்கள்’ என்று குழுவிலேயே எழுதிவிட்டேன். 23 பேர் கட்டைவிரல் போட்டார்கள். மறுநாள் மூத்தவர் குழுவை விட்டுப் போய்விட்டார். நான் செய்தது தப்பா?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தம்பி, அந்தப் பையனுக்காகப் பரிந்து பேசத் தோன்றியதே, அது நல்ல மனசு. பேசிய விதம்தான் தப்பு. ஏன் என்று சொல்ல என் கதையை எடுக்க வேண்டியிருக்கிறது.

2019இல் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். ஒரு கையில் பையும் கார்டும், இன்னொரு கையில் போன். குழுவில் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். ‘சர்வர் படுத்துவிட்டது, யாராவது உதவுங்கள்.’ கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்திருக்கிற எல்லோரும் ஒரு நாள் பார்க்கிற அதே வரி: ‘ஃபேட்டல்: சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி.’ (இந்த வரியை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. உயிர் போகிற சேதியைச் சொல்லும்போதும் ஒரு ‘சாரி’ சேர்த்திருக்கிறார்.)

உடனே ஒருவர், ‘கவலையே படாதீங்க ப்ரோ! மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 1000 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும்’ என்று எழுதி, கை கூப்பும் பொம்மை இரண்டு போட்டார். நான் கட்டைவிரலால் தட்டினேன்: ‘வேண்டாம். லாக் எங்கே?’

மூன்றே வார்த்தை. (லாக் என்றால் சர்வரில் என்னென்ன நடந்தது என்று வரிசையாக எழுதி வைக்கும் பதிவு.) வரிசை நகர்ந்துவிட்டது, போனைப் பையில் போட்டுவிட்டேன். சர்க்கரையும் பருப்பும் வாங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால், அங்கே எனக்கு விசாரணை நடந்து முடிந்திருக்கிறது. ‘மேடம் எப்பவுமே இப்படித்தான். புதுசா வர்றவங்களை விரட்டுறதே வேலை’ என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். ‘அண்ணன் மாதிரி அன்பா சொல்லலாமே’ என்று இன்னொருவர். ‘அறிவு இருந்தா போதாது, பண்பும் வேணும்’ என்று மூன்றாமவர். எண்ணிப் பார்த்தேன், கெட்ட பழக்கம். என் குணத்தைப் பற்றி 61 செய்திகள். கனெக்‌ஷன் பற்றி இரண்டு. அந்த இரண்டில் ஒன்று என்னுடையது.

இப்போது அந்த அன்பான யோசனையைப் பார்ப்போம். ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ என்பது ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை விடலாம் என்ற உச்சவரம்பு. போஸ்ட்கிரெஸில் அதைத் தொடாமல் விட்டால் 100 இணைப்புகள்தான் அனுமதி. ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனியாக ஒரு ப்ராசஸைத் திறக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் மெமரியைத் தின்னும். நூறும் தீர்ந்துபோகிறது என்றால் பெரும்பாலும் அப்ளிகேஷன் எங்கோ இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறது. குழாயை மூடாமல் விட்டுவிட்டுப் பெரிய தொட்டி வாங்கச் சொன்னால் எப்படி? லாக்கைப் பார்த்தால் எந்த அப்ளிகேஷன், எத்தனை மணியிலிருந்து என்று பிடித்துவிடலாம். அதற்குத்தான் கேட்டேன்.

அவர் ஆயிரம் ஆக்கினார். ரீஸ்டார்ட் செய்தார். இரண்டு மணி நேரம் ஓடியது. குழுவில் நன்றி மழை. ராத்திரி மெமரி நிரம்பி மெஷினே விழுந்துவிட்டது. மறுநாள் காலை 6 மணிக்குத் தனியாக எனக்குச் செய்தி: ‘மேடம், லாக் அனுப்பட்டுமா?’ அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஓட்டை கிடைத்தது. குழுவில் இதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் பழிவாங்குகிறேன் என்பார்கள்.

அப்புறம் நான்கு மாதம் அந்தக் குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, காலைக் காபியைச் சூடாகக் குடித்தேன்.

‘இணைப்பு ஏன் தீர்ந்தது’ என்ற பேச்சில் கலந்துகொள்ள விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ‘மேடம் சிடுமூஞ்சி’ என்ற பேச்சில் கலந்துகொள்ள ஒன்றும் தெரிய வேண்டாம். அதனால்தான் நீங்கள் ஒரு வரி எழுதியதும் 23 கட்டைவிரல் விழுந்தது. மூத்தவர் சொன்ன விடை சரியா என்று அதில் எத்தனை பேர் மேலே போய்த் தேடிப் பார்த்தார்கள்?

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். சம்பளம் இல்லை, மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம், காலையிலிருந்து மூன்று பந்தி பார்த்துவிட்டார். அவர் சிரிக்காமல் ஊற்றினார் என்பதற்காக எழுந்து நின்று, ‘ரசம் ஊற்றுகிறவரைப் பாருங்கள், எவ்வளவு சிரிச்ச முகம்!’ என்று யாராவது சத்தம் போடுவோமா? போட்டால் அடுத்த பந்திக்கு வாளியைத் தூக்க ஆள் இருக்காது. இன்னொருவரைக் காட்டி ஒப்பிட்டீர்களே, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பார்’ என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அந்தப் பையனை நமக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உங்களுக்கே தெரியும். பொறுமைசாலியையும் சேர்த்துச் சங்கடத்தில் மாட்டிவிட்டீர்கள்.

அன்றைக்கு என்ன செய்திருக்கலாம்? மூத்தவர் ‘மேலே தேடுங்கள்’ என்றதும் நீங்களே தேடி, பழைய பதிலின் லிங்க்கை எடுத்துப் பையனிடம் ‘இதோ இருக்கு தம்பி, புரியலைன்னா கேளுங்க’ என்று கொடுத்திருக்கலாம். குழுவில் அன்பு குறைகிறது என்று தோன்றினால் கையிலிருந்து கொஞ்சம் போடுவதுதானே சுலபம்? பிறகு மூத்தவருக்குத் தனியாக ஒரு வரி: ‘சார், நேற்று அந்தப் பையனுக்கு எழுதியது எனக்கே கொஞ்சம் சுருக்கென்று பட்டது. காலேஜ் பையன் போல. லிங்க் நான் கொடுத்துவிட்டேன்.’ இதில் அவருடைய ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேச்சு. ‘உங்களுக்கு வரவே வராதா’ என்றால் பிறப்பிலிருந்து ஆரம்பித்த மாதிரி. வாக்கியத்தை ஒருவர் மாற்றிக்கொள்வார். குணத்தை மாற்றச் சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு போவார்.

இப்போது செய்ய வேண்டியது: நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். ஒரே வரியில் எழுதுங்கள், நாடகம் வேண்டாம். அப்புறம் அவருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் போதாது.

கேள்வி: நான் மேலே சொன்ன மூத்தவர் ரகம். (அவரே இல்லை!) ‘முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறார்’ என்று என்னையும் சொல்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் சிரிக்கும் பொம்மை சேர்த்தால் சரியாகுமா?
– ஒரு சிஸ்டம் அட்மின், திருநெல்வேலி.

பதில்: வேண்டாம் சார். அந்தப் பொம்மையின் தாத்தாவே வேறு வேலைக்காகப் பிறந்தது. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர், வேடிக்கையாக எழுதுவதற்கு அடையாளமாக ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஒரு அடைப்புக்குறி போடலாம் என்றார். முக்காற்புள்ளிதான் கண்கள். லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று அங்கே விளையாட்டாக எழுதியதை நிஜம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்களாம். எது கேலி என்று காட்டத்தான் அந்தச் சிரிப்பு. இன்றைக்கும் என் மகள் வயதுக்காரர்கள் தனியாக ஒரு சிரித்த முகத்தைப் பார்த்தால் ‘நக்கல் பண்றாங்க’ என்றுதான் படிக்கிறார்கள்.

நமக்குத் தமிழிலேயே கருவி இருக்கிறது. நாலு வரியைப் படித்துப் பாருங்கள்.

லாக் எங்கே?
லாக் அனுப்பு.
லாக் அனுப்புங்க.
லாக் அனுப்புங்க, பார்க்கலாம்.

முதலாவது போலீஸ்காரர். இரண்டாவது மாமா. மூன்றாவதில் ஒரே ஒரு ‘ங்க’ வந்ததும் ஆள் உட்கார நாற்காலி போட்டாயிற்று. நாலாவதில் இருக்கிறதே ‘பார்க்கலாம்’, அதுதான் சங்கதி. நீ காட்டு, நான் குறை சொல்கிறேன் என்ற தொனி போய், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்று ஆகிவிடுகிறது. 2019இல் ரேஷன் கடையில் எனக்கு இந்த ஒரு வார்த்தைக்கு நேரம் இருந்திருக்கும், உண்மையைச் சொல்ல வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று தட்ட மூன்று விநாடி ஆகுமா?

ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ சேர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘ப்ளீஸ் ஷேர் தி லாக்ஸ்’ என்பது பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ பற்றி நான் பேசப்போவதில்லை.

இன்னொன்று. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று 1995 அக்டோபரிலேயே ஒரு ஆவணம் வந்தது, ஆர்எஃப்சி 1855 என்று பெயர். கோபத்தில் எழுதும் பதிலை ஒரு ராத்திரி ஆறப்போட்டு அனுப்பு என்று அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும் என்றும் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது, பிழைத்தோம். நாம் கத்துவதற்கு மூன்று ஆச்சரியக்குறியும் ஒரு ‘டா’வும் வைத்திருக்கிறோம்.

கேள்வி: 1,100 பேர் இருக்கும் குழுவுக்கு நான் அட்மின். ‘அனைவரும் நட்பாகப் பேச வேண்டும்’ என்று விதி போட்டேன். இப்போது எந்தப் பதிலுக்கும் ‘இது நட்பாக இல்லை, விதி மீறல்’ என்று யாராவது புகார் கொடுக்கிறார்கள். விதியை எடுத்துவிடலாமா?
– அட்மின், மதுரை.

பதில்: எடுக்க வேண்டாம், இறக்கி எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் பெரிய இடங்களே இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன.

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பல வருடம் இருந்த கொள்கையின் பெயரே ‘நல்லபடியாக நடந்துகொள்’ என்ற பொருளில்தான் இருந்தது. அது போதவில்லை. 2018 ஏப்ரலில் நிறுவனமே முன்வந்து, புதிதாக வருகிறவர்களுக்கு நம் இடம் இதமாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் வந்த நடத்தை விதிகளில் எனக்குப் பிடித்த விஷயம், வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. ‘இதை ஐந்து விநாடியில் கூகுளில் தேடியிருக்கலாம்’ என்பதற்குப் பதிலாக, ‘இதற்குப் பெயர் இன்னது, அந்தப் பெயரில் தேடினால் பாடங்கள் கிடைக்கும்’ என்று சொல் என்கிற மாதிரி. கவனித்தீர்களா? இரண்டாவதும் தேடச் சொல்கிறது. எதைத் தேடுவது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் கதை இன்னும் நீளம். அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டுவது உலகப் பிரசித்தம். 2013இல் கர்னல் நிரலாளர் ஒருவர் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே அவரை எதிர்த்து, இப்படித் திட்டுவதை நிறுத்துங்கள் என்று எழுதினார். பொய்யான மரியாதை எனக்கு வராது என்கிற ரீதியில்தான் லினஸின் பதில் இருந்தது. 2015இல் ஒரு சின்ன ஆவணம் வைத்தார்கள். 2018 செப்டம்பர் 16 அன்று லினஸே மன்னிப்புக் கேட்டு, மற்றவர்களின் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாக எழுதிவிட்டு விடுப்பில் போனார். கர்னலின் 4.19 வெளியீட்டைச் சக நிரலாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடித்துக்கொடுத்தார், அக்டோபரில் லினஸ் திரும்பி வந்தார். அதே சமயத்தில் பழைய ஆவணத்தை எடுத்துவிட்டு விரிவான நடத்தை விதிகளையும் கொண்டுவந்தார்கள்.

கோவைத் தம்பிக்குப் ‘பொதுவில் சொல்லாதே’ என்றேன், இங்கே பொதுவில் சொன்னவரைப் பாராட்டுகிறேனா என்று கேட்பீர்கள். ஆமாம், பாராட்டுகிறேன். லினஸ் அந்த வீட்டுக்கே சொந்தக்காரர், திட்டியதும் பொதுவில். வாளி தூக்குகிறவரைச் சொல்வதும் கல்யாண வீட்டுக்காரரைச் சொல்வதும் ஒன்றில்லை.

உங்கள் விதிக்கு வருவோம். ‘நட்பாக’ என்பதை அளக்க உங்களிடம் படி இல்லை. அளக்க முடிகிறதை எழுதுங்கள்: ஆளைப் பற்றி எழுதக் கூடாது, சாதி, ஊர், ஆண் பெண், படித்த காலேஜ் எதையும் இழுக்கக் கூடாது, ‘தேடு’ என்று சொன்னால் எதைத் தேடுவது என்றும் சொல்ல வேண்டும், ஒருவர் பேசும் விதம் பற்றிய புகார் அட்மினுக்குத் தனியாக வர வேண்டும். கடைசி விதியை நான் இருக்கும் குழுவில் வைத்திருக்கிறோம். முதல் வாரத்தில் புகார் எக்கச்சக்கமாக வந்தது. தனியாக, கைதட்ட ஆள் இல்லாமல் எழுத வேண்டும் என்பது புரிந்ததும் அப்படியே குறைந்துபோனது.

கேள்வி: டெப்ளாய்மென்ட், அதாவது எழுதிய நிரலைச் சர்வரில் ஏற்றி ஓட்டுவது (டெவ்ஆப்ஸ் வேலை), பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். ஒருவர் ‘பொண்ணுங்களுக்கு டெவ்ஆப்ஸ் செட் ஆகாது தங்கச்சி’ என்று எழுதினார். ‘இது என் கேள்விக்குப் பதில் இல்லை’ என்றேன். உடனே நான் ஃப்ரெண்ட்லியாக இல்லை, ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பேச்சு. மூன்று பேர் மட்டும் தனியாக ‘நல்லா சொன்னீங்க’ என்று அனுப்பினார்கள். நான் அமைதியாக இருந்திருக்க வேண்டுமா?
– வாசகி, ஓசூர்.

பதில்: கூடவே கூடாதும்மா. நீங்கள் எழுதிய வரியை நான் கண்ணாடி போட்டு வைப்பேன். அந்த ஆள் உங்கள் கேள்வியைத் தொடவே இல்லை, உங்கள் பிறப்பைத் தொட்டார். இதற்கு இரவு முழுக்க ஆறப்போடுவதெல்லாம் பொருந்தாது. அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், உடனே சொல்லத்தான் வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அடுத்து சேரும் பெண் அதைப் படித்துவிட்டு, இங்கே எல்லோருக்கும் இதுதான் நினைப்பு என்று போய்விடுவாள்.

‘ஃப்ரெண்ட்லியாக இல்லை’ என்ற வார்த்தை எப்போது யார் மேல் விழுகிறது என்று கவனித்து வாருங்கள். சேவையில் இருந்த 27 வருடத்தில் எனக்கு அது கணக்கில்லாமல் விழுந்தது. பக்கத்து மேசையில் அதே தொனியில் பேசிய ஆண்களுக்கு ‘ஸ்ட்ரிக்ட் ஆனா நல்ல மனுஷன்’ என்று பெயர்.

அந்த மூன்று பேருக்கு: தம்பிகளா, பாராட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறீர்கள். குழுவில் எழுதியிருக்க வேண்டிய ஒரே வரி அதுதான். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அவர் கேட்ட டெப்ளாய்மென்ட் சந்தேகத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையாம். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஒருவர் மிக நட்பாகப் பேசுகிறார் என்று குழுவில் பாராட்டலாமா? அதிலும் தப்பு உண்டா?
– மாணவர், தஞ்சாவூர்.

பதில்: தாராளமாகப் பாராட்டுங்கள். ‘நீங்கள் சொன்ன இரண்டாவது கமாண்ட் வேலை செய்தது, பாதை ஏன் தப்பு என்று விளக்கியது புரிந்தது’ என்று எழுதினால் அவருக்கும் சந்தோஷம், பின்னால் தேடி வருகிறவருக்கும் விடை. ‘இந்தக் குழுவில் நீங்கள் ஒருவர்தான் நல்லவர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். மிச்சம் இருக்கிற எல்லோரும் அதைப் படிக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள். உங்கள் பதில்களே சில சமயம் சுள்ளென்று இருக்கின்றனவே?
– வாசகர், சேலம்.

பதில்: எந்த இதழ், எந்த வரி என்று எழுதி அனுப்புங்க, பார்க்கலாம்.